கிழக்குச் சுவரில் ஒரு வாசல்

திரு. நாகராசு அவர்களுக்கு,

வணக்கம். தங்களுடைய பழைய நெல் கிடங்கின் மாடி வீட்டில் குடியிருக்கும் சேரன் எழுதுவது. தாங்கள் மஸ்கட்டில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

வீட்டின் கிழக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடும்படி என் மனைவி சுடர்விழி தங்களிடம் போனில் கேட்டதாகவும், தாங்கள் சம்மதித்ததாகவும் காவலாளி கண்ணுசாமி சொன்னார். செவ்வாய்க்கிழமை கொத்தனார் வருகிறாராம். தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். காரணத்தை முதலிலிருந்து வரிசையாக எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். போனில் பேச எனக்குத் தனிமை கிடைக்கவில்லை. கடிதத்தில் பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சுடர் தமிழாசிரியை. நான் எழுதும் எதையும் அவள் படித்துத் திருத்தாமல் அனுப்பியதில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு காலை நாங்கள் கீரனூரிலிருந்து வந்து சேர்ந்தோம். சுடருக்கு அப்போது ஆறாம் மாதம். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்ததால், பிள்ளை பிறக்கும் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குத் தாய் இல்லை. போய்ப் படுக்கத் தாய்வீடும் இல்லை. தங்கள் வீட்டில் லிஃப்ட் இருந்தது, ஆஸ்பத்திரி ஐந்து நிமிட தூரத்தில் இருந்தது. அதனால் வந்தோம்.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. தேக்கு உத்தரங்கள், ஆளை விட உயரமான ஜன்னல்கள், தொங்கும் பித்தளை விளக்குகள், பூசாமல் விட்ட செங்கல் சுவர். என் அலுவலக நண்பர் ஜஸ்டின் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன் சேரா, பூசுறதுக்குள்ள சிமெண்டு தீந்துபோச்சா?" என்றார். கிடங்கை வீடாக்கிய லாஃப்ட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சுடர் படுத்தபடியே சொல்லிச் சிரித்தாள்.

கிழக்குச் சுவரில் புதிதாக வைத்த பெரிய கதவு. அதற்கு எதிரே லிஃப்ட். அழைப்பு மணியில் ஒரு கேமரா. கதவருகே யாராவது வந்தால் அது என் போனுக்குச் செய்தி அனுப்பும், பேச்சையும் கேட்கலாம். மேற்கே, சமையலறைக்குப் பின்னால், பழைய குறுகலான படிக்கட்டு.

முதல் சந்தேகம் அன்றைக்கே வந்தது. கண்ணுசாமி எங்கள் பெட்டிகளைப் பின்படிக்கட்டு வழியாகத்தான் சுமந்து வந்தார்.

"லிஃப்ட் இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கட்டும் சார். நான் இங்கிட்டே வாரேன்."

சமையலுக்கு வரும் முனியாயியும் முழங்கால் வலியோடு அந்த வழியாகத்தான் ஏறினார். பால்காரர், சிலிண்டர் கொண்டுவருபவர், எல்லாரும் அப்படியே. பின்பக்கம் கேமரா இல்லை என்பதைக் கவனித்தேன். நான் அலுவலகத்தில் கோப்புப் பார்க்கிறவன், எதையும் குறித்துவைப்பது பழக்கம். யார், எப்போது, எந்த வழி என்று ஒரு நோட்டில் எழுதினேன். கரண்டிகளைக்கூட எண்ணி வைத்தேன். ஒன்றும் குறையவில்லை.

புரட்டாசி நடுவில் ஒரு மாலை சுடர் சொன்னாள்: "நீங்க ஏற்பாடு பண்ணுன அம்மா கெட்டிக்காரங்க. மத்தியானம் வந்து காலைப் பிடிச்சுவிட்டா அப்படியே தூக்கம் வந்துருது."

நான் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று, "அப்படியா, நல்லது" என்றேன்.

மறுநாள் முனியாயியிடம் கேட்டேன்.

"நான் பதினோரு மணிக்கே போயிருவேனே தம்பி. யாரையும் அனுப்பலையே." கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எந்த வாசல் வழியா வந்துச்சாம்?" என்றார்.

யார் என்று அவர் கேட்கவில்லை. எந்த வாசல் என்றுதான் கேட்டார்.

போனில் பழைய செய்திகளைப் புரட்டினேன். தினமும் ஒரு செய்தி. படத்தில் ஆளில்லாத நடை. காற்றில் கதவு ஆடியிருக்கும் என்று நான் தள்ளிவிட்டவை.

எல்லாமே பிற்பகல் மூன்று நாற்பது.

அன்று மாலையே கண்ணுசாமியை உட்காரவைத்துக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஓனரோட அத்தை சார். செங்கமலம்னு பேரு. பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனுசி. ரெண்டு காலும் விழுந்துபோயி, இதே மாடியில பதினோரு வருசம் படுத்த படுக்கை. யாராச்சும் காலைப் பிடிச்சுவிட மாட்டாங்களான்னு கத்திக்கிட்டே கெடக்கும். அவிட்டத்துல செத்துச்சு. அந்த நட்சத்திரத்துல போனா அடைப்பு சார். வாசல் வழியா எடுக்க மாட்டாங்க. சொவத்தை இடிச்சுத்தான் எடுப்பாங்க. எடுத்த கையோட அடைச்சிருவாங்க. போன வழியிலதான் திரும்பி வரப் பாக்கும், வழி இருக்கக் கூடாதுல்ல. இடிச்ச ஓட்டை வழியா கயித்துல கட்டித்தான் கீழ இறக்குனாங்க. அன்னைக்கு எங்கப்பாதான் கொத்தனாரு."

"எந்தச் சுவர்?"

லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கிடங்கை வீடாக்க வந்த மெட்ராஸ் இன்ஜினியரு சொவத்தைத் தட்டிப் பாத்துட்டு, இங்க முன்னாடியே ஒரு வாசல் இருந்திருக்குன்னு சந்தோசப்பட்டாரு. நான் சொன்னேன். சிரிச்சாரு."

"ஓனர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன் சார்."

இதற்குத் தாங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். வேறு வீடு பார்க்க வேண்டும், அதுவரை சுடரைத் தனியாக விடக் கூடாது. மதியம் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நல்ல வெயில். சுடர் கண்மூடிப் படுத்திருந்தாள்.

மூன்று நாற்பதுக்கு என் கையில் போன் அதிர்ந்தது.

கிழக்குக் கதவின் பூட்டு தானாக விலகியது.

நனைந்த சாக்கின் வாடை வந்தது. அந்தக் கிடங்கில் நெல் வைத்து எத்தனையோ வருடமாகிறது.

தரையில் எதையோ இழுத்துவரும் சத்தம். நடக்கிற சத்தமில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து வருகிற சத்தம்.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை மெல்ல அமுங்கியது.

"வாங்கம்மா," என்றாள் சுடர், கண்ணைத் திறக்காமலே. அவளுடைய கால்விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்ந்தன. "இன்னைக்கு இவரும் இருக்காரு... என்னம்மா? ஆமா, படுத்துப் படுத்து அலுத்துத்தான் போச்சு. நீங்க படுத்துக்கிறீங்களா?"

"சுடர்," என்றேன்.

அவள் வலியில் கத்தினாள். படுக்கை நனைந்திருந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது, இன்னும் எட்டு வாரம் இருக்கையில்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் லிஃப்டில் ஏறி வந்தார்கள். பின்படிக்கட்டில் ஓடி வந்த கண்ணுசாமி எனக்கும் வாசலுக்கும் நடுவே நின்றார்.

"சார், அங்கிட்டு வேணாம். பின்னாடி தூக்குங்க. நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"ஸ்ட்ரெச்சர் அதுல திரும்பாது. வழியை விடுங்க."

நான்தான் அவரைத் தள்ளிவிட்டேன். லிஃப்டுக்குள் போவதற்காக ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்கள். கால் முன்னே, தலை பின்னே. சவத்தை எடுக்கிற மாதிரி, சவம் போன அதே வழியில்.

நிலைப்படியைக் கடக்கும்போது சுடரின் அலறல் நின்றது. என் கையை இறுகப் பிடித்திருந்த அவள் கை விட்டுப்போனது.

லிஃப்டுக்குள் அந்தக் கை மறுபடி என்னைப் பிடித்தது.

பெருவிரலால் என் உள்ளங்கையை அழுத்தி அழுத்திப் பிடித்தது.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பிழைத்துவிடும் என்கிறார்கள். தாய் மறுநாளே எழுந்து நடந்தாள். டாக்டருக்கே ஆச்சரியம். வார்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாள் முழுக்க நடக்கிறாள். படுக்கச் சொன்னால், "படுத்ததெல்லாம் போதும்" என்கிறாள். ஆறு நாளாகிறது. பிள்ளையைக் காட்டுங்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஆஸ்பத்திரி நடையில் நின்றிருந்தேன். போன் அதிர்ந்தது. மூன்று நாற்பது. நான் பூட்டிவிட்டு வந்த கிழக்குக் கதவு படத்தில் பாதி திறந்திருந்தது. நடையில் யாருமில்லை. உள்ளே தூரத்திலிருந்து குரல் மட்டும்.

"என்னங்க... அந்த அம்மா வர்றதே இல்லைங்க. என்னால எந்திரிக்க முடியலை. பாப்பா எங்கங்க?"

சுடரின் குரல். பத்து வருடமாக என் காதில் இருக்கிற குரல்.

"யாருங்க போன்ல?"

எனக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருமில்லை," என்றேன்.

அன்று மாலை குழந்தையைப் பார்க்க வந்த கண்ணுசாமியிடம், தங்கள் நம்பரைப் போட்டுத் தரச் சொல்லி அவள் பேசியிருக்கிறாள். எண்களை அழுத்தக்கூட அவரையே கேட்டாளாம்.

ஆகவே வாசலை அடைக்காதீர்கள். நாளை திங்கள், மூன்று நாற்பதுக்கு நான் அங்கே இருப்பேன். உள்ளே படுத்திருப்பவளை அதே வழியாகத் தூக்கிவர வேண்டும். கண்ணுசாமி ஒரு பக்கம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தாங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
சே. சேரன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அவள் வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். நனைந்த சாக்கின் வாடை அடித்தது. "என்ன எழுதுறீங்க?" என்றாள். என் சந்தேகம் தவறாக இருந்துவிடக் கூடாதா என்று கடைசியாக ஒருமுறை நினைத்தேன். "படிச்சுப் பிழை இருந்தாத் திருத்திக் கொடு" என்று தாள்களை நீட்டினேன்.

வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று திருப்பித் தந்தாள். தாள்களை அவள் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

இப்போது என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள்.