இறங்கிக்கொண்டே போன ஸ்ருதி

பேஞ்சோவின் ஸ்ருதி இறங்கியிருந்ததில் லக்ஷ்மிப்ரியாவுக்கு ஆச்சரியம் இல்லை. ஐந்து தந்திகளும் ஒரே அளவில் இறங்கியிருந்ததுதான் உறுத்தியது. ஆக்லாந்தின் குளிர்கால ஈரத்தில் டப்பாவில் இருக்கும் உப்பே கசிகிறது, தோல் போர்த்திய வாத்தியம் தொய்யாமல் என்ன செய்யும்? ஆனால் தொய்கிற தந்திகள் ஆளுக்கொரு பக்கம் தொய்யும். இவையோ, யாரோ நிதானமாக உட்கார்ந்து காது கொடுத்துச் சேர்த்துவிட்டு எழுந்து போனதுபோல் ஒன்றுக்கொன்று பிசகாமல் நின்றன.

வீட்டில் அவளும் எட்டு மாதக் குழந்தை பிரணவியும்தான். கணவன் ராகேஷ் மவுண்ட் வெல்லிங்டன் ஆபீசுக்குக் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் பாபடோயிட்டோயில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவான். அந்த வாடகை வீட்டுக்கோ அவர்களை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. கதவுகள் ஈரத்தில் ஊதிக்கொண்டு திறக்க மறுத்தன. எத்தனை துடைத்தாலும் பூஞ்சை அதே மூலையில் திரும்பி வந்தது.

பேஞ்சோவைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தவன் ராகேஷ். பாரிடோன் பேஞ்சோவாம்; வழக்கமானதைவிடக் கழுத்து நீளம், வட்டம் பெரிது, குரல் அடித்தொண்டை. அதில் ஒரு தந்தி மட்டும் குட்டை. கழுத்தின் நடுவில் தொடங்கி, எதை வாசித்தாலும் தம்புராபோல ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்காலம் முழுக்கப் பாட்டு கற்ற ப்ரியா அதையே ‘ச’ என்று வைத்துக்கொண்டு ஒரு தாலாட்டு பாடினாள். பிறந்ததிலிருந்து தூக்கத்தோடு பகை வளர்த்த பிரணவி அன்றுதான் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். மாதக்கணக்கில் கண்மூடாத ப்ரியா சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

ஆகவே ஸ்ருதி இறங்கியிருப்பதைக் கேட்டு ராகேஷ் போனில், "ட்யூனர் ஆப் இருக்குல்ல, முறுக்கி ஏத்திக்கோ" என்று சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எதுக்கு ஏத்தணும்? எங்க வச்சாலும் ச, ச தான். நான் எறங்கிப் பாடிக்கிறேன்."

பாட்டு கற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வேறு யாராவது என்றால் தந்திகளின் ஆணியை முறுக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். ப்ரியாவுக்கோ ஸ்ருதி எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்பதுதான் சிறு வயதுப் பழக்கம். போய் நின்றாள்.

மறுநாள் அது இன்னும் கீழே இருந்தது. அடுத்த நாள் அதற்கும் கீழே. ஒவ்வொரு நாளும் அவளும் இறங்கினாள், குழந்தையும் இன்னும் ஆழமாகத் தூங்கினாள். தகரக் கூரையில் மழை இரைய, ஈரமெடுக்கும் மெஷின் மூலையில் உறும, காய்ந்தும் காயாத குழந்தைத் துணிகளின் புளித்த வாசம் அறையெங்கும் கவிந்திருக்க, மதிய வெளிச்சம் ஜன்னலிலேயே செத்துப்போகும் அந்த நேரத்தில் ப்ரியா ஒன்றைக் கவனித்தாள்: மெஷினும் அதே ஸ்வரத்தில்தான் உறுமுகிறது. சமையலறையில் ஃப்ரிட்ஜும். வீட்டுக்கு அடியில், தரைப்பலகைகளுக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் சுற்றும் காற்றும்.

பால் நேரம் தாண்டியும் பிரணவி எழவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினாள், ஈரத்துணியால் முகம் துடைத்தாள். வெகு நேரம் கழித்துக் கண் திறந்த குழந்தை, தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. ராகேஷுக்குப் போன் போட்டாள்.

"தூங்கலைன்னும் அழுற, தூங்குறான்னும் அழுறியே, ப்ரியா" என்றான் ராகேஷ் போனில்.

"வெளையாடாத. எனக்குப் பயமா இருக்கு. சீக்கிரம் வா."

"ட்ராஃபிக் நவுரவே மாட்டேங்குது. வந்துட்டே இருக்கேன்." பின்னால் கார்களின் இரைச்சல் கேட்டது. அதுவும் அந்த ஸ்வரத்தில்தான் இருந்தது.

தூங்க வைத்தது எதுவோ அதுதான் எழுப்பவும் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பேஞ்சோவை மடியில் வைத்துக் குட்டைத் தந்தியின் ஆணியை முறுக்கினாள். தந்தி இறுகியது. ஸ்வரம் இறங்கியது. இன்னும் முறுக்கினாள். இன்னும் இறங்கியது. இந்தக் கனத்தில் எந்தத் தொண்டையாலும் பாட முடியாது. பற்கள் அதிர்ந்தன. வட்டத்தோல் அவள் வயிற்றோடு ஒட்டி, மெதுவாக மேலெழுந்து தாழ்ந்தது.

சமையலறைக்கு ஓடினாள். கத்தரிக்கோல். ஒரு தந்தி. இன்னொன்று. ஐந்தும்.

அமைதி.

மழைகூட இல்லை. மெஷினும் நின்றிருந்தது.

பிறகு, ச.

வாத்தியத்திலிருந்து இல்லை. குழந்தைக் கட்டிலிலிருந்து.

பிரணவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. அந்தச் சின்ன நெஞ்சிலிருந்து, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த அந்த ஸ்வரம் மூச்சு வாங்காமல் வந்தது. ப்ரியா பாடிய தாலாட்டு. ப்ரியா எடுக்கும் இடத்தில் எடுத்து, அவள் இழைக்கும் இடத்தில் இழைத்து.

"பிரணவி... அம்மாடா..."

தூக்க வேண்டும். தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். கட்டிலின் கம்பியைப் பிடித்தாள். கால் மடங்கியது. தலை கம்பியில் சாய்ந்தது. இமை கனத்தது. வேண்டாம். கன்னத்தைக் கிள்ளிக்கொண்டாள். வலிக்கவில்லை. வேண்டாம். ராகேஷ்—

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கதவு ஈரத்தில் ஊதியிருந்தது. அவன் தள்ளினான். மறுபடி தள்ளினான்.

கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கை வெளியே வந்தது. ப்ரியாவின் கன்னத்தில், தாளம் தப்பாமல், மெதுவாகத் தட்டிக்கொடுத்தது. அவள் தூங்கிவிட்டாளா என்று குழந்தை குனிந்து பார்த்தது. இன்னும் ஒரு ஸ்ருதி இறக்கிப் பாடியது.