சுவருக்குள் இராசேமா

மலையடிவார ஊரான ஒரிசாபாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல். நெரெய்தா புஸ்தோஸ் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டைத் தேடி நடந்தாள். மதியம்தான், ஆனாலும் மலையிலிருந்து இறங்கிய மூட்டம் தெருவை இருட்டாக்கியிருந்தது.

தன் ஊரான புவெப்லாவின் வானொலியில் பழைய திகில் படங்களைக் கிழித்துத் தொங்கவிடுவது அவள் வேலை. நூலில் ஆடும் வௌவால், செம்பருத்திச் சாற்று ரத்தம், காரணமே இல்லாமல் கிழியும் கதாநாயகியின் சட்டை, எதையும் விட்டுவைக்க மாட்டாள். அந்தக் குப்பைகளை அவளைப் போல் நேசித்தவர்களும் கிடையாது. ஒரே ஒரு படத்தில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மலிவுப் படம். ஒரு பெண்ணை உயிரோடு நிறுத்திவைத்துச் சுவர் எழுப்புகிறார்கள்.

"அது நடிப்பில்லைங்க," என்று போன வாரம் வானொலியில் சொல்லிவிட்டாள். "நடிக்கிறவ கேமரா பக்கம் முகத்தைத் திருப்புவா. இவ காத்து வர்ற பக்கம் திருப்புறா. அதுல நடிச்ச இராசேமா லுஹான் அதுக்கப்புறம் எந்தப் படத்துலயும் இல்ல. எங்க போனா?"

மறுநாளே அந்தப் படத்தின் இயக்குநரின் மகன் அபுந்தியோ கூப்பிட்டார். "செத்துப்போன எங்கப்பா அதை எங்க வீட்லதான் எடுத்தாரு. வந்து முழுசா பாருங்க."

வாயை அடைக்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். போகும் இடத்தைத் தோழிகளிடம் சொல்லிவிட்டே கிளம்பினாள்.

கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தூக்கம் கெட்ட கண்கள். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. அதோடு கெட்டுப்போன படச்சுருளின் புளித்த நெடி. காபி கொடுத்தார். அவர் குடிக்கும்வரை அவள் தொடவில்லை.

"விஷமெல்லாம் இல்லம்மா."

"உங்கப்பா படத்துல காபியிலதான் கலப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை.

பின்னறையின் ஜன்னல்களைச் சாத்தி, வெள்ளைச் சுவரின் மேலேயே படத்தை ஓட்டினார். கொத்தனாரின் கைகள். செங்கல் மேல் செங்கல். இராசேமாவின் வாய் மறைந்தது. பிறகு கண்கள். கடைசிச் செங்கல் ஏறியதும் எல்லாம் கறுத்தது.

தியேட்டரில் ஓடிய படம் அத்தோடு முடிந்துவிடும். இதில் சத்தம் தொடர்ந்தது.

நகத்தால் சுரண்டும் சத்தம்.

அபுந்தியோ சட்டென்று எழுந்தார். நெரெய்தா கதவை நோக்கி நகர்ந்தாள். அவர் மெஷினை அணைத்தார்.

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

"உங்களுக்கும் கேக்குதா?" கிசுகிசுத்தார். "அப்பா செத்ததுலேருந்து கேக்குது. என் பொண்டாட்டிக்குக் கேக்கல. பைத்தியம்னு சொல்லிட்டுப் போயிட்டா. அது நடிப்பில்லன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்."

கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

சுரண்டும் சத்தம் அந்த இடத்துக்கே நகர்ந்து வந்தது.

"கேக்குது," என்றாள், சுவரிடமே.

பொழுது சாய்வதற்குள் அபுந்தியோ கூப்பிட்ட போலீஸ் வந்து சுவரை இடித்தது. எலும்புகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அடக்கத்துக்கு ஊரே வந்தது. குழி அருகே நின்று, "எங்கப்பன் கொலைகாரன்," என்று அபுந்தியோ எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

கொஞ்ச நாள் கழித்து, புவெப்லாவில் வீட்டிலிருந்த அவளுக்கு போன் செய்தார்.

"சத்தம் அடியோட நின்னுடுச்சும்மா. நேத்து விடிஞ்சது தெரியாம தூங்கினேன். பொண்டாட்டியும் வந்துட்டா."

"நல்லா இருங்க சார்," என்று நெரெய்தா மனம் நிறைந்து போனை வைத்தாள். வெயில் அறை முழுக்க விழுந்திருந்தது. காபி போட எழுந்தாள்.

கட்டில் பக்கத்துச் சுவரில் மெல்லச் சுரண்டும் சத்தம்.

எலியாக இருக்கும் என்று காதை வைத்தாள். பிறகுதான் உறைத்தது. அவள் இருப்பது ஐந்தாவது மாடி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.