பாட்டுக்கு முந்தின இரண்டு செகண்ட்

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தத்தைத்தான் காணோம்.

சத்தியநேசன் அண்ணாந்து பார்த்தான். ஐந்து வருஷமாகக் கடக் கடக்கென்று பல்லைக் கடித்துக்கொண்டே ஓடிய ஃபேன் அது. எண்ணெய் விட்டும் அடங்கவில்லை, மெக்கானிக் கழற்றி மாட்டியும் அடங்கவில்லை. இப்போது பிடரியில் காற்று படுகிறது, மேசை மேலிருந்த காகிதம் படபடக்கிறது, தலைக்கு மேலே மட்டும் ஒரு முனகல்கூட இல்லை. விட்டது சனி என்று அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்லது நடந்தால் ஏன் நடந்தது என்று யார் கேட்கிறார்கள்?

1999 மே மாதம், மாலை மூன்றரை மணி. ராஜபாளையத்து வெயில் வெளியே தெருவைப் பிளந்துகொண்டிருந்தாலும் அந்த அறைக்குள் எப்போதும் இருட்டுதான். ரெக்கார்டிங்குக்காக ஜன்னல்களை அடைத்து, மில்லில் வாங்கின கழிவுப் பஞ்சைச் சாக்குகளில் திணித்து நாலு சுவரிலும் அடித்திருந்தான். பஞ்சின் எண்ணெய் வாடையும் சூடேறின கம்ப்யூட்டரின் வாடையும் கலந்து தொண்டையில் படிந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கேசட் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் அண்ணாச்சி ஒரு தாலாட்டுக் கேசட் கேட்டிருந்தார். நாலே பாட்டு. பாடினவள் சத்தியநேசனின் மனைவி தேவகிருபை. "செவுத்தப் பாத்துக்கிட்டு என்னால தாலாட்டுப் பாட ஏலாது" என்று சொல்லிவிட்டு, மூன்று மாதக் குழந்தை செல்லக்கனியை அந்த அறையிலேயே தொட்டில் கட்டிப் போட்டாள். பிள்ளைக்கு வேர்க்கும் என்று ஃபேனையும் நிறுத்த விடவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு செகண்ட் மௌனம் விட்டு, அவன் கையை இறக்கினதும் அவள் பாட ஆரம்பித்தாள். குரல் தேனாக வந்தது. கூடவே ஃபேனும், பக்கத்து வீட்டு நாயும், மில் சங்கும் வந்து பாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டன.

அதைத் துடைக்கத்தான் மதுரையிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்திருந்தான். பாட்டை வெட்டி ஒட்டுகிற பெரிய புரோகிராமுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற குட்டிப் புரோகிராம், ப்ளக்இன் என்பார்கள். வேண்டாத சத்தத்தைக் கொஞ்சம் தேர்ந்தெடுத்துக் காட்டினால் மோப்பம் பிடித்துக்கொள்ளும். பிறகு என்டரைத் தட்டினால் போதும், பாட்டு முழுக்கத் தேடித் தேடி அந்தச் சத்தத்தை எடுத்துவிடும். திருட்டு காப்பிதான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா?

ஒரு பல் உடைந்துதான் இருந்தது. ஸ்பேஸ்பார். பெரிய புரோகிராமில் அதைத் தட்டினால் பாட்டு ஓடும். ப்ளக்இன்னின் ஜன்னல் திரையில் முன்னால் நிற்கும்போது தட்டினாலோ, தேர்ந்தெடுத்த இடத்தை இதுதான் இரைச்சல் என்று மோப்பம் பிடித்துவிடும். ஓர் உறைக்குள் இரண்டு கத்தி. ஜன்னலை மவுஸால் ஓரங்கட்டிவிட்டுத் தட்ட வேண்டும்; ஓரங்கட்டினாலும் பாட்டு நின்றதும் அதுவாகவே முன்னால் வந்து நிற்கும். செய்ததை ரத்து செய்கிற கன்ட்ரோல்-இசட்டும் அப்படித்தான். பெரிய புரோகிராமுக்குப் போக வேண்டியதைக் குட்டி குறுக்கே நின்று விழுங்கிவிடும். இரண்டு நாளாக அவன் விரல்கள் அதோடுதான் மல்லுக்கட்டின.

முதல் பாட்டில் ஃபேன் சத்தத்தை எடுத்தாயிற்று. மூன்றாவதில் மில் சங்கை மத்தியானமே எடுத்துவிட்டான். இரண்டாவதில் நாய் குரைத்த இடத்தைக் கேட்டுப் பார்க்கத் தட்டினான். ப்ளக்இன் முந்திக்கொண்டு மோப்பம் பிடித்தது. சரி, அதுவும் வேண்டாததுதானே என்று என்டரைத் தட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கக் கொல்லைப்பக்கம் போனான்.

பக்கத்து வீட்டு வெள்ளை நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்றது. வாய் திறந்தது, மூடியது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வாயோரம் நுரை.

சத்தம் இல்லை.

"மணி நாலேகாலாச்சு. மில்லுல இன்னும் சங்கு ஊதலியேங்க?" என்று அடுப்படியிலிருந்து தேவகிருபை கேட்டாள். வாசலுக்கு ஓடிப் பார்த்தான். ஷிஃப்ட் முடிந்து மில்காரர்கள் தலையில் ஒட்டின பஞ்சோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் நின்று மில்லின் பக்கமே பார்த்துக் காதைக் குடைந்துகொண்டான்.

ஃபேன், நாய், சங்கு: மூன்றும் சத்தியநேசன் துடைத்த சத்தங்கள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். பைத்தியம் பிடித்துவிட்டதா தனக்கு? கன்ட்ரோல்-இசட் தட்டினான். குட்டி விழுங்கியது. மறுபடி தட்டினான். கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. நிறுத்திப் போட்டு, அது எழுந்து வருவதற்குள் ஒரு மணி நேரம் போயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவன் தலைக்கு மேலே ஃபேன் ஊமையாய்ச் சுற்றியது.

ஐந்தேகாலுக்குப் போன் வந்தது. வைகுண்டராஜ் அண்ணாச்சி.

"ஏ தம்பி, அஞ்சரை பஸ்ஸுல வாரேன். ஆறு மணிக்கு ஒங்க தெருவுல கரண்ட் போயிரும், அதுக்கு முன்ன முடிச்சிரு."

"நாலாவது பாட்ட நான் தொடைக்கல அண்ணாச்சி. அப்படியே தந்துருதேன்."

"எங்கருந்துப்பா பேசுத? எப்பவும் ஒன் ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்காதே. இன்னைக்கு ஒனக்குப் பின்னால ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

போனை வைத்தான். இனி எதையும் துடைக்கப் போவதில்லை. கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம். நாலாவது பாட்டைத் திறந்து, ஆரம்பம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க முதல் இரண்டு செகண்டைத் தேர்ந்தெடுத்தான்.

பழகின விரல். ஸ்பேஸ்பார். அந்த வேகத்திலேயே என்டர்.

திரையில் ப்ளக்இன் ஜன்னல் முன்னால் நின்றது. பச்சை விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது. துடைத்தாயிற்று.

அந்த இரண்டு செகண்டில் என்ன இருந்தது? அன்றைக்கு அவன் கையைத் தூக்கி நின்றான். தேவகிருபை உதட்டைக் குவித்துக் காத்திருந்தாள். தொட்டிலுக்குள், சளி கட்டின மூக்கோடு, மெல்ல, சின்னதாக…

"ஏங்க!" அடுத்த அறையிலிருந்து குரல். "ஏங்க, ஓடியாங்களேன்! புள்ள மூச்சு விடலியே!"

கன்ட்ரோல்-இசட். விழுங்கியது. கன்ட்ரோல்-இசட். விழுங்கியது. மவுஸை இழுத்தான். அதன் அடியிலிருக்கும் உருண்டையில் பஞ்சு சிக்கி அம்பு நகரவில்லை. மேசையில் ஓங்கி அடித்தான். நகர்ந்தது. ஜன்னலை ஓரங்கட்டினான். கன்ட்ரோல்-இசட்.

திரையில் தட்டையாகக் கிடந்த சத்தக் கோடு மெல்ல நெளிந்து எழுந்தது. திரும்பி வந்துவிட்டது. ஏசப்பா, திரும்பி வந்துவிட்டது. ஸ்பேஸ்பாரைத் தட்டினான்.

ஸ்பீக்கரில் ஒரு குட்டி மூச்சு இழுத்தது, விட்டது.

தேவகிருபை கதவைத் தள்ளித் திறந்து, பிள்ளையோடு அறை வாசற்படியில் நின்றாள். ஹால் பல்பின் வெளிச்சத்தில் செல்லக்கனியின் முகம் நீலம் பாரித்திருந்தது. அந்த மூச்சு கேட்ட அதே நொடியில் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது. இரண்டு செகண்ட் முடிந்தது. தாலாட்டின் முதல் எழுத்து வந்தது. நெஞ்சு நின்றது.

அவன் பாட்டை ஓட விட்டுப் பார்த்தான். நெஞ்சு அசையவில்லை. ஃபேனுக்கும் நாய்க்கும் சத்தம் மட்டும்தான் போயிற்று; பிள்ளைக்கு மூச்சே போய், அந்த இரண்டு செகண்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. நிறுத்தினான். ப்ளக்இன் ஜன்னல் முன்னால் குதித்தது. ஓரங்கட்டினான். தட்டினான். நெஞ்சு ஏறியது. இறங்கியது. நின்றது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். ஆட்டோ கூப்பிடுங்க!"

"போகாத கிருபை! இங்கயே நில்லு. இந்தச் சத்தம் கேக்குற எடத்துலயே நில்லு!"

"என்ன சொல்லுதீய? புள்ள செத்துப்போயிரும்ங்க!"

"நெஞ்சப் பாரு! நான் தட்டுறேன், நெஞ்சப் பாரு!"

ஓரங்கட்டு. தட்டு. ஏறியது. இறங்கியது. அவள் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பத் திரும்பத் தானாக ஓட வைக்கிற வசதி அந்தத் திருட்டு காப்பியில் இல்லை. ஒரு கை மவுஸில். ஒரு கை ஸ்பேஸ்பாரில். ஓரங்கட்டு, தட்டு. ஓரங்கட்டு, தட்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வரிசை தவறினால் குட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கும், மூச்சு ஓடாது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க மூன்றாவது கை இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் தேவகிருபையின் தேன் குரல் தாலாட்டின் முதல் எழுத்தைச் சொல்லி அறுந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தெட்டு.

ஓரங்கட்டு. தட்டு.

ஹால் பல்பு மஞ்சளானது. பிறகு சிவந்தது. கரண்ட் போவதற்கு முன்னால் அந்தத் தெருவில் எப்போதும் அப்படித்தான். மானிட்டரில் படம் நாலு ஓரமும் சுருங்கி உள்ளே வந்தது.

தட்டினான். மூச்சு, கட்டைக் குரலில் இழுத்து இழுத்து வந்தது. நெஞ்சும் அதே மாதிரி இழுத்து இழுத்து ஏறியது.

நின்றது.

சுருங்கின திரையில், உள்ளங்கை அகலத்துக்கு, ப்ளக்இன் ஜன்னல் மட்டும். மவுஸ் நகரவில்லை. கட்டைவிரல் ஸ்பேஸ்பாருக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் நின்றது.

செல்லக்கனி கண் விழித்திருந்தாள். அடுத்த மூச்சுக்காக வாயைத் திறந்தபடி அப்பாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.