காய்ந்தால் சரியாகிவிடும்

அந்தப் பச்சையில் ஒரு துளி சிவப்பு இருந்தது.

நேற்று மாலை பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் போனபோது அது இல்லை. வீட்டுக்காரனான அவன் சத்தியமே செய்வான். வெள்ளரிப் பிஞ்சை நறுக்கினால் உள்ளே தெரியுமே, அந்த வெளிறிய பச்சை. அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் மனைவியின் பொறுமையை முக்கால்வாசி கரைத்திருந்தான். இப்போது காலை வெளிச்சத்தில், வாயில் பற்பசை நுரையோடு, புது வீட்டில் மகளுடைய அறை வாசலில் நின்று பார்க்கிறான். கட்டிலை ஒட்டிய சுவரில் மட்டும் பச்சைக்கு அடியில் ஏதோ சிவந்திருக்கிறது. மற்ற மூன்று சுவர்களும் அப்படியே இருந்தன. ஒரே டப்பா, ஒரே ஆள், ஒரே நாள்.

“இந்தச் சுவர் மட்டும் வேற மாதிரி இல்ல?”

மனைவி எட்டிப் பார்த்தாள். “எது?”

“இதுதான். சிவப்பு அடிக்குது.”

“பச்சையாத்தாங்க இருக்கு.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாக்கறேன். பச்சை. போய் வாயக் கொப்பளிங்க, தரையெல்லாம் நுரை.”

மற்றவர்களுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிவது புதிதில்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்யும் லேபில் அவனுக்கு வேலை. அவன் செய்த பல்லை வாயில் பொருத்திவிட்டால் எது கூடப் பிறந்தது, எது பிறகு வந்தது என்று பல்லுக்குச் சொந்தக்காரருக்கே தடுமாறும். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவன் நிறம் ஒப்பிடும் மாதிரிப் பற்களின் வரிசையைச் செருகியிருப்பான். நிறம் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவனுக்குத் தன் வீட்டுக்கு ஒரு நிறம் அமையவில்லை என்றால் எரிச்சல் வருமா வராதா?

பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் அவனையும் ஒரு மாதிரி பார்த்தார்.

“காயட்டும் சார். காஞ்சா சரியாயிடும்.”

காய்ந்தது. சரியாகவில்லை. சிவப்பு கூடியது. ஆகவே நீலம் அடித்தார்கள், மழைக்கு முந்தின வானத்தின் மங்கிய நீலம். மற்ற மூன்று சுவர்களில் அது வானமாகவே நின்றது. கட்டில் சுவரில் மட்டும் சில நாளில் அந்தச் சிவப்பு அடியிலிருந்து கசிந்து மேலே வந்துவிட்டது. அதன்மேல் சாம்பல் அடித்தார்கள். சாம்பலும் சிவந்தது. இந்தத் தடவை அவன் உஷாராக, அதே டப்பாவிலிருந்து ஒரு பலகைத் துண்டுக்கும் பூசி லேபில் வைத்திருந்தான். அதைக் கொண்டுவந்து சுவரில் வைத்துக் காட்டினான். பலகை சாம்பல். சுவர் சாம்பல் இல்லை.

“அது மரம் சார், இது சிமெண்ட்டு,” என்றார் பெயிண்டர். “நானும் மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து அடிக்கறேன். சுவர் கலர் மாறத்தான் செய்யும். வீட்டுக்காரங்க மனசு அதைவிட வேகமா மாறும்.”

மனைவி சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு அன்றைக்கெல்லாம் காதில் குத்திக்கொண்டே இருந்தது. அவர் போனபின் அவள் சிரிக்கவில்லை.

“சொந்தக்காரங்களை எப்பதாங்க கூப்பிடறது? உங்க தங்கச்சி கேக்கறா, வீடு கட்டறீங்களா, இல்ல ஒரே ஒரு சுவர் கட்டறீங்களான்னு.”

“உனக்கு நெஜமாவே தெரியலையா?”

“தெரியலை. ஒத்துக்கறேன். எனக்குக் கண்ணு சரியில்லை, பெயிண்டருக்குக் கண்ணு சரியில்லை, உலகத்துலயே உங்களுக்கு மட்டும்தான் கண்ணு இருக்கு. போதுமா?”

போதாது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள், ‘ஆமாம், மாறியிருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அந்தச் சுவரைப் பற்றிக் குறையே சொல்லாதவள் மகள் ஒருத்திதான். ஏழு வயது. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் சிட்டு என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. சிரிப்பு வருவதற்கு முன்பே அவள் இடது கன்னத்தில் மட்டும் ஒரு குழி விழும். குழி விழுந்தால் சிரிப்பு பின்னால் வருகிறது என்று அர்த்தம். தனக்கென்று ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல் என்று முதல் நாள் முழுக்க அந்தக் குழி மறையவே இல்லை. எந்த நிறம் அடித்தாலும் “சூப்பர்ப்பா” என்பாள்.

இப்போதெல்லாம் சிட்டு நிறையவே ஒரு இடத்தில் இருந்தாள். பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறிச் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்வாள். தட்டில் பாதி அப்படியே இருக்கும். மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்து இளைப்பாறுவாள். வளர்கிற பிள்ளை அப்படித்தான் என்று மனைவி ஒரு டானிக் வாங்கி வைத்தாள்.

ஒரு சாயங்காலம் அவன் லேபிலிருந்து வந்து நேரே அந்த அறைக்குப் போனான். புது வீட்டுக்கென்று ஒரு மணம் உண்டு: ஈரச் சிமெண்ட், வார்னிஷ், மரத்தூள். அந்த அறையிலும் அது இருந்தது. ஆனால் கட்டிலை நெருங்க நெருங்க அதெல்லாம் விலகி வேறொரு வாசனை வந்தது. வெதுவெதுப்பான, லேசாக வியர்த்த, தூங்கி எழுந்த குழந்தையின் பிடரியில் வருகிற வாசனை. சிட்டுவிடமிருந்து வருகிறது என்று நினைத்து அவள் தலையில் முகம் வைத்து முகர்ந்தான். அவள் தலையில் எந்த வாசனையும் இல்லை.

“ஏன்டா எப்பப் பாரு சுவத்தோட ஒட்டிக்கிட்டே இருக்கே?”

“அதுக்குக் குளிருதுப்பா. புதுசா பெயிண்ட் அடிச்சா அதுக்கு ரொம்பக் குளிரும். நான் கன்னத்தை வெச்சா சரியாயிடும்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலை. தொட்டாத் தெரியும்.”

பேச்சை மாற்ற அவர்களுடைய பழைய விளையாட்டைத் தொடங்கினான். பல்லுக்கு இருப்பதுபோல ஈறு நிறத்துக்கும் லேபில் மாதிரித் துண்டுகள் உண்டு, வெளிறிய ரோஜாவிலிருந்து அடர்சிவப்பு வரை. சிட்டு “ஈ” என்று காட்டுவாள். அவன் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பான். ஓரம் தெரியாமல் போனால் பொருத்தம். அவள் ஈறோடு அப்படிக் கலந்துபோகும் துண்டுக்குச் சிட்டுத் துண்டு என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

“ஈ,” என்றாள் சிட்டு.

சிட்டுத் துண்டை வைத்தான். கறுப்பாகத் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை என்று எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து மறுபடி வைத்தான். அப்போதும் கறுப்பாகத்தான் தெரிந்தது. அதற்கடுத்த வெளிறியதை வைத்தான், அதற்கும் அடுத்ததை வைத்தான். வரிசையின் கடைசித் துண்டு, இதுவரை யாருக்கும் பொருந்தாதது, இவ்வளவு வெளிறிய ஈறும் இருக்குமா என்று லேபில் கேலி பேசுவார்களே அது, அவள் ஈறில் ஓரமே தெரியாமல் உட்கார்ந்தது.

“என்னப்பா, கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

சிட்டுத் துண்டு விரலிலிருந்து நழுவித் தலையணைக்குப் பின்னால் விழுந்தது. எடுப்பதற்காகத் தலையணையை விலக்கினான். அவள் கன்னம் வைக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, சாம்பலே இல்லை. துண்டை எடுத்து அங்கே வைத்தான். ஓரம் தெரியவில்லை.

மனைவியைக் கூவி அழைத்தான். அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள், அவன் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

“க்ரேயான் வெச்சுத் தேச்சிருப்பா. இதுக்கா இப்படிக் கத்துனீங்க? நெஞ்சே நின்னுடுச்சு.”

“அவ வாயப் பாரு. ரத்தமே இல்லை.”

“அதுக்குத்தான் நாளன்னைக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்ல?”

“நாளைக்கே பெயிண்டரை வரச் சொல்லு. வெள்ளை அடிக்கட்டும். ரெண்டு கோட்டு. திக்கா. அடியில இருக்கறது எதுவும் தெரியக் கூடாது.”

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “இதுதான் கடைசி. அப்புறம் இந்த வீட்டுல யாரும் சுவர் பேச்சே எடுக்கக் கூடாது.”

“எடுக்கலை.”

அன்றிரவு சிட்டுவைத் தங்கள் நடுவில் படுக்க வைத்துக்கொண்டான். தூக்கத்தில் அவள் கை காற்றில் எதையோ துழாவிக்கொண்டே இருந்தது.

மறுநாள் லேபில் மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. மூடிவிட்டால் முடிந்தது. மதியத்துக்குமேல் ஒரு முன்பல் வேலையை எடுத்தான். உள்ளே உலோகம், அது வெளியே தெரியாமலிருக்க முதலில் கெட்டி வெள்ளை பூசி மறைக்க வேண்டும். வெள்ளையோடு விட்டால் பிணத்தின் பல் மாதிரி இருக்கும். அதில் உயிர் வரவழைக்க மேலே நிறம் ஏற்ற வேண்டும். வெள்ளை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நிறம் ஏற்ற வேண்டும். தினமும் செய்கிற வேலைதான். கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு நின்றது.

பச்சை அடித்த வாரம் தட்டில் மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். நீலத்துக்குப் பிறகு மாடிப்படியில் உட்கார்ந்தாள். சாம்பலுக்குப் பிறகு உதடு வெளுத்தது. ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு. புதுசா அடிச்சா அதுக்கு ரொம்பக் குளிரும். அவன் மனசு மாறிய ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர் முதலிலிருந்து நிறம் ஏற்றத் தொடங்கியிருக்கிறது. இன்று வெள்ளை. ரெண்டு கோட்டு. திக்கா.

வீட்டுக்கு அடித்தான். மனைவி போனை எடுத்தாள்.

“பெயிண்டரை நிறுத்து!”

“எதை நிறுத்தறது? காலையிலயே அடிச்சு முடிச்சுட்டுப் போயிட்டாரு. பளிச்சுன்னு இருக்கு, கண்ணு கூசுது. போதுமா உங்களுக்கு?”

“சிட்டு எங்க?”

“ஸ்கூல்லேர்ந்து வந்ததும் உள்ள போயிட்டா. பெயிண்ட் வாசனையா இருக்கு, வெளிய வாடின்னா கேக்கலை. ரொம்பக் குளிருதாம். ஃபேனக்கூட நிறுத்திட்டேன். ஒட்டிக்கிட்டுத் தூங்கறா.”

“அவளைத் தூக்கிட்டு வெளிய வா. இப்பவே. அந்த ரூம்ல இருக்க வேண்டாம்.”

“சுவர் பேச்சே எடுக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க,” என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

வண்டியை எப்படி ஓட்டினான் என்பது அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாக நின்றது. அந்தச் சிவப்பைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவன் தெருவுக்குள் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டின் எல்லா ஜன்னல்களிலும் வெளிச்சம். சிட்டு அறை ஜன்னலில் மட்டும் இல்லை.

சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை, கோபத்தில் இருந்தாள். அவன் செருப்போடு மாடி ஏறினான்.

கதவு சாத்தியிருந்தது.

திறந்தான். இருட்டு. பெயிண்ட் நாற்றம் இல்லை. அந்தப் பிடரி வாசனை மட்டும், அறை நிறைய, மூச்சு முட்டும் அளவுக்கு. வெதுவெதுப்பு முகத்தில் வந்து மோதியது.

“சிட்டு.”

இன்னும் ஒரு அடி உள்ளே வைத்தான்.

“சிட்டுக் குட்டி. அப்பா வந்துட்டேன்.”

“ம்.”

அந்த ஒரு எழுத்தில் அவனுக்கு உயிர் வந்தது. சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கை. சீருடை நீலமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே எதிலும் நிறம் இல்லை. முகம், உதடு, காது, பின்னலிட்ட முடி. எல்லாம் வெள்ளை. கெட்டி வெள்ளை. கண்ணிமை மூடித் திறந்தது. இமை முடியும் வெள்ளை.

“இப்ப அதுக்குக் குளிரலைப்பா,” என்றாள்.

அவள் கன்னத்தில் பெயிண்ட் ஒட்டியிருக்கவில்லை. அவன் தொட்டுப் பார்த்தான். சிமெண்ட் போலச் சில்லென்றிருந்தது.

படியில் காலடிச் சத்தம். மனைவி. “மறுபடியும் என்னங்க ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவன் உடம்பு மகளை மறைத்திருந்தது. அவள் பார்த்தது சுவரைத்தான். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, மெதுவாக, இத்தனை நாளும் எதைக் கேட்க அவன் தவித்தானோ அதைச் சொன்னாள்.

“என்னங்க... கலர் மாறியிருக்குங்க.”

அவன் தலை நிமிர்ந்தான்.

தரையிலிருந்து கூரை வரை ஒரே சீராக, பிசிறில்லாமல் ஏறியிருந்தது அந்த நிறம். ஓடி விளையாடிவிட்டு வந்த ஏழு வயதுக் கன்னத்தின் நிறம். அதைவிட அழகான நிறத்தை அவன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரின் இடது பக்கத்தில், நடுவுக்குச் சற்றுக் கீழே, மெல்ல ஒரு குழி விழுந்தது.