கயிறு கட்டிய கல்

மழை விட்ட மத்தியானத்தில் தொமோயே அந்த மலைக்கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். முதுகில் பாதி செதுக்கிய செர்ரி மரப்பலகை. தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

வாரக் கடைசிக்குள் கியோத்தோ கண்காட்சிக்கு பலகையிலிருந்து எடுத்த ஓர் அச்சுப்படம் போயாக வேண்டும். இத்தனை வருடமாக அவள் செதுக்கிய பலகைகளில் எல்லாம் பட்டறைக்காரன் குரோதாதான் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். "பொம்பளை பேரைப் போட்டா எவன்டி வாங்குவான்?" என்று பல்லைக் காட்டுவான். இந்த முறை அவள் பெயர். அவள் பெயர் மட்டும்.

கோயில் குருவின் மனைவி ஹட்சுவே, தோட்டத்தைப் பார்த்த அறையைத் திறந்துவிட்டாள். கோடு கோடாக வாரிவிட்ட வெள்ளைச் சரளை. அதன் நடுவே மூங்கில் இருட்டுக்குள் போகும் நடைகற்கள். இருட்டு தொடங்கும் இடத்தில், கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய சின்னக் கல் ஒன்று. தாண்டாதே என்று அர்த்தம்.

"படத்துல அந்தக் கல்ல விட்டுராதம்மா."

"ஏன்? நான் என்ன அதைத் தாண்டிப் போகப் போறேனா?"

"உன்னைத் தடுக்கவா அதை வெச்சிருக்கோம்?" ஹட்சுவே கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

பலகையின் மீதியில் அந்தத் தோட்டத்தைச் செதுக்கினாள். படத்தில் அந்தக் கல் செத்த எலி மாதிரி இருந்தது. கறுப்பு வெள்ளை அச்சில் ஈவிரக்கம் கிடையாது. மரம் இருந்தால் கறுப்பு, குடைந்தால் வெள்ளை. தொமோயே உளியை வைத்து அந்தக் கல்லைக் குடைந்து எறிந்தாள்.

மை தடவி, தாளை வைத்துத் தேய்த்து, உரித்தாள்.

மூங்கிலை ஒட்டிய நடைகல்லில் ஒரு கறை. மை சிதறியிருக்கும்.

துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தாள்.

கறை பாதி வழி வந்திருந்தது.

பலகையைத் தடவிப் பார்த்தாள். அந்த இடம் வெறும் பள்ளம். மை ஒட்ட அங்கே மரமே இல்லை. ஆனால் விரல் கறுப்பாக வந்தது. முகர்ந்தாள். மை வாசனை இல்லை. ஈரத் தலைமுடி, தூர்வாராத கிணற்றுச் சேறு.

மூன்றாவது தாளில் அது இந்த அறையின் தாழ்வார விளிம்பில் நின்றது.

அதற்கு முழங்கால்கள் இருந்தன.

வெளியே எட்டிப் பார்த்தாள். சரளை வெள்ளையாக, வெறுமையாகக் கிடந்தது. பதறிப்போய், குடைந்த பள்ளத்தில் மரத்துண்டை அடித்து இறுக்கினாள். கல்லைச் செதுக்கினாள். கயிற்றைச் செதுக்கினாள். முடிச்சைச் செதுக்கினாள். மறுபடி அச்செடுத்தாள்.

கல் இருந்தது. பாதை சுத்தம். தோட்டத்தில் யாரும் இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

தேநீரோடு வந்த ஹட்சுவே பரப்பிக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கல்ல வெக்கிறப்ப அது எங்க நின்னுச்சு?"

தொமோயே மூன்றாவது தாளைக் காட்டினாள்.

"அடிப்பாவி." ஹட்சுவே தேநீரைக் கீழே வைத்தாள். "திரும்பிப் போற வழியையில்ல அடைச்சிட்ட."

முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினாள். கதவை இழுத்துச் சாத்தித் தாழிட்டாள். கீழே எதையோ வைக்கும் சத்தம். இடுக்கு வழியாகத் தொமோயே பார்த்தாள். வாசற்படியில், கயிறு கட்டிய கல்.

"அம்மா! கதவைத் தெறங்க!"

"மன்னிச்சுக்கோ. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

காலடி ஓசை தேய்ந்து மறைந்தது.

அறைக்குள் கிணற்றுச் சேறு நாறியது. அவளுக்குப் பக்கத்தில் பாய் மெல்ல அமுங்கியது.

பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது. குரோதாவுக்குக் கொடுத்தது போதாதா? இதையும் விட்டுக்கொடுப்பதா? பென்சிலை எடுத்தாள். கடைசியாக எடுத்த தாளின் கீழே, வெள்ளை ஓரத்தில், தன் பெயரின் முதல் கோட்டைப் போட்டாள்.

புறங்கையில் சில்லென்று ஈரம் படர்ந்தது.

அவள் நிறுத்தப் பார்த்தாள். கை நிற்கவில்லை. நிதானமாக, அழகாக எழுதி முடித்தது.

அது அவள் பெயர் இல்லை.