பூசணி தூங்கினால்தான் பூட்டு திறக்கும்

கணக்கு சார் வீடு தேடி வந்தால் யாருக்குத்தான் ஓடி ஒளியத் தோன்றாது? அதுவும் வீட்டுப்பாடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு விடுமுறை நாளில்!

அழைப்பு மணி அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்த பட்டாணி, அப்படியே நின்றுவிட்டாள். பட்டாணி என்பது அவளுடைய பட்டப்பெயர். ஓர் இடத்தில் உட்காராமல் உருண்டுகொண்டே இருப்பாள் என்று அம்மா வைத்தது.

"சார்... ஏழாம் வாய்ப்பாடு பாதி எழுதிட்டேன் சார். மீதிய..."

"நான் அதுக்கு வரலம்மா. அம்மா இருக்காங்களா?"

அப்போதுதான் பட்டாணி கவனித்தாள். சாரின் கையில் ஒரு சாவி இருந்தது. சாவி என்றால் பாதிச் சாவி. மீதிப் பாதி பூட்டுக்குள்ளேயே ஒடிந்து மாட்டிக்கொண்டதாம்.

சார் இவர்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். பட்டாணியின் அம்மாவுக்குப் பூட்டு வேலை. ஊரில் பாதிப் பேருடைய கதவுகள் அம்மாவின் கைபட்டுத் திறந்தவைதான்.

அம்மா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பட்டாணியும் பின்னாலேயே இறங்கினாள். வாய்ப்பாடு எழுதுவதைவிடப் பூட்டு பார்ப்பது எவ்வளவோ மேல் அல்லவா?

சார் வீட்டுக் கதவில் உருண்டைக் குமிழ் வைத்த பூட்டு. குமிழின் நடுவிலேயே சாவித் துவாரம். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஒடிஞ்ச துண்டு ரொம்ப உள்ளே போயிருக்கு சார். எடுக்க வராது. சிலிண்டரக் கழட்டிட வேண்டியதுதான்."

"ஐயையோ, சிலிண்டரா? கேஸ் ஏதாவது லீக் ஆகுதா?" என்று பதறிக்கொண்டு வந்தார் எதிர்வீட்டு அத்தை. அவருக்குப் பின்னால் அவருடைய ஒல்லி மகன் ஒட்டடைக்குச்சியும் எட்டிப் பார்த்தான். அவன் பட்டாணியின் வகுப்புதான். வாய் ஓயவே ஓயாது.

"இது வேற சிலிண்டர் அத்தை! சாவி போய் உக்காருமே, அந்தப் பித்தளைத் துண்டு. குமிழுக்குள்ள இருக்கும்" என்றாள் பட்டாணி.

அம்மா பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து விரித்தாள். வரிசையாக மெல்லிய எஃகுக் கம்பிகள். ஒவ்வொன்றின் முனையும் ஒவ்வொரு விதமாக வளைந்திருந்தது. அதில் கொக்கி போட்ட ஒன்றை உருவினாள். குமிழின் கழுத்தில், கதவை ஒட்டி, மயிரிழை போல ஓர் இடுக்கு. அதற்குள் சின்ன ஸ்பிரிங் நாக்கு ஒன்று உண்டு. கொக்கியால் அதை அமுக்கிப் பிடித்தால் குமிழ் கையோடு வந்துவிடும். அப்புறம் சிலிண்டரைப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்துவிடலாம்.

அம்மா கொக்கியை உள்ளே விட்டாள். நாக்கைத் தேடினாள். மெதுவாக அமுக்க...

லொள்! தடார்!

கதவே அதிர்ந்தது. கொக்கி நழுவி வெளியே வந்தது.

"பூசணி!" என்றார் சார். "உள்ள என் நாய் இருக்கு. பயந்துட்டான் போல."

பூசணிக்குப் பெயர் பொருத்தம் பிரமாதம். அவ்வளவு குண்டு. அந்த உடம்பைத் தூக்கிக் கதவின் மேல் போட்டால் பூட்டு ஆடாமல் என்ன செய்யும்? அம்மா மறுபடி கொக்கியை விட்டாள். லொள்! தடார்! இன்னொரு முறை. லொள்! தடார்!

"பூசணி, சும்மா இரு!" என்று சார் அதட்டினார். குரலைக் கேட்டதும் அது இன்னும் வேகமாகப் பாய்ந்தது. பாவம், ஐயா வெளியே நிற்கிறார், ஏன் உள்ளே வர மாட்டேன் என்கிறார் என்று அதற்கு எப்படிப் புரியும்?

அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "கதவு ஆடிக்கிட்டே இருந்தா நாக்கு சிக்காது சார். ஒரே வழிதான் இருக்கு. டிரில்லிங் மிஷின் வச்சு ஓட்டை போடணும்."

சாரின் முகம் வாடிவிட்டது.

"வேண்டாம்மா. அவனுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. முன்ன ஒரு தடவ பக்கத்து வீட்டுல மிஷின் ஓடினப்போ, கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டு நடுங்கினான். அன்னிக்குப் பூரா ஒரு வாய் சாப்பிடல. இப்ப இந்தக் கதவுலயே போட்டா, நானும் பக்கத்துல இல்லாம..."

சார் கதவை மெல்லத் தடவிக்கொடுத்தார். வகுப்பில் இடி போல முழங்குகிற சார் இப்படிக் கெஞ்சியதைப் பட்டாணி முதன்முறையாகப் பார்த்தாள். அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பாட்டு கேட்கும். பாட்டு என்று சொல்லலாமா, தெரியவில்லை. முதலில் பூசணி குரைக்கும். பிறகு பாட்டு. பிறகு ஒரு சத்தமும் இருக்காது.

பட்டாணி சாரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்ததும் காதில் கிசுகிசுத்தாள்.

"சார், தினமும் பூசணிய தூங்க வைக்கப் பாடுவீங்களே, அதப் பாடுங்க சார்."

சாரின் காது சிவந்துவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் வழியா கேக்கும் சார். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

சார் ஒட்டடைக்குச்சியைப் பார்த்தார். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுவதும் தமுக்கடித்துவிடுவான்.

"என்னால முடியாதும்மா" என்று முணுமுணுத்தார் சார்.

பட்டாணி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைக் குரலில் சாரின் அந்தப் பாட்டையே ஆரம்பித்தாள்.

"ஓரேழு ஏழு... ஆராரோ... ஈரேழு பதினாலு... ஆரிரரோ..."

ஒட்டடைக்குச்சி விழுந்து விழுந்து சிரித்தான். "ஏய் பட்டாணி, வாய்ப்பாட்டுல தாலாட்டா? காது வலிக்குது, நிறுத்து!"

எதிர்வீட்டு அத்தைக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பூசணி உள்ளேயிருந்து இன்னும் பலமாகக் குரைத்தது. பட்டாணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விடவில்லை.

"ஆறேழு நாப்பத்திரண்டு... ஆராரோ... ஏழேழு நாப்பத்தெட்டு..."

"நாப்பத்தொம்பது!" என்றார் சார் சட்டென்று.

தப்புக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியுமா? அதுவும் ராகத்தோடு! "ஏழேழு நாப்பத்தொம்பது... ஆரிரரோ..." என்று திருத்தினார். திருத்தியவர் நிறுத்தவில்லை. பட்டாணியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு மெல்லப் பாட ஆரம்பித்தார்.

"எட்டேழு அம்பத்தாறு... ஆராரோ..."

குரைப்பு நின்றது.

"ஒம்பதேழு அறுபத்துமூணு... ஆரிரரோ..."

உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். பூசணி படுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாகக் குறட்டை வந்தது. ஒட்டடைக்குச்சி வாயைப் பொத்திக்கொண்டான். இப்போது சத்தம் போடக் கூடாது என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

சார் மறுபடி ஓரேழிலிருந்து தொடங்கினார். அம்மா கொக்கியை உள்ளே விட்டாள். தேடினாள். அமுக்கினாள்.

'க்ளிக்.'

குமிழ் கையோடு வந்தது. அம்மா பித்தளைச் சிலிண்டரைத் தள்ளி எடுத்து, பட்டாணியின் உள்ளங்கையில் வைத்தாள். ஒடிந்த சாவித் துண்டு அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பிறகு திருப்புளியை ஓட்டைக்குள் விட்டு ஒரு திருப்பு. கதவு திறந்துகொண்டது.

பூசணி நான்கு காலையும் பரப்பிக்கொண்டு நடுவாசலில் கிடந்தது. சார் பாட்டை நிறுத்தியதும் ஒரு கண்ணைத் திறந்தது. ஐயாவைப் பார்த்தது. அடுத்த நொடி அவர்மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது. சார் மூக்குக்கண்ணாடி கோணலாகத் தொங்க, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அம்மா புதுச் சிலிண்டரைப் பொருத்தும்போது, சார் பட்டாணியைக் கூப்பிட்டார்.

"உண்மையச் சொல்லு. ஏழேழு நாப்பத்தெட்டுன்னு வேணும்னேதானே பாடினே?"

"ஆமா சார். நீங்க சும்மா இருக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"அதானே பாத்தேன்! அப்புறம் ஏன் எட்டேழ நீ பாடல?"

பட்டாணி தலையைச் சொறிந்தாள். "அது எனக்கு நிஜமாவே தெரியாது சார்."

சார் சிரித்த சிரிப்பில் பூசணியே திரும்பிப் பார்த்தது. "அப்ப நாளையிலேருந்து சாயங்காலம் நீயும் வந்துரு. பூசணிக்குப் பாடும்போது நீயும் கத்துக்கலாம்."

மறுநாள் மாலை பட்டாணி போனாள். பூசணி ஐயேழிலேயே குறட்டை விட்டது. பட்டாணிக்கும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. ஆனால் 'எட்டேழு அம்பத்தாறு' என்று சரியாகச் சொல்லிவிட்டுத்தான் அவள் பூசணியின் வயிற்றில் தலைவைத்துத் தூங்கினாள்.