சாரைக்குஞ்சுக்கு ஒரு மணி நேர இருட்டு

வான்பேட்டையில் இருட்டு ஒரு மணி நேரம் எண்ணூறு பணம். அதுவும் சுத்தமான இருட்டு என்று தரகர் சத்தியம் செய்தால். சத்தியம் செய்யாத இருட்டு மலிவாகவும் கிடைக்கும். வாங்கியவர்கள் யாரும் அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை.

பூமிக்கு மேலே சுழலும் அந்த வணிகர் நகரில் வீட்டுக்கு வீடு ஒரு சுவர்க்கண் உண்டு. குடித்தனம் நடப்பதை அது ஓயாமல் பார்க்கும். அதன் வழியே கீழே பூமியில் லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் கூடினால் பார்வைக்கூலி கூடும்; காற்றுக்கும் தண்ணீருக்கும் அதிலிருந்துதான் கழிப்பார்கள். அதனால் சோற்றைப் பிசைகையில் கண்ணைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டு வாயில் வைப்பது அங்கே கை கழுவுவதைப் போன்ற வழக்கம்.

வாசனைச் சரக்கு வியாபாரி தவசிக்கனியின் வீட்டில் சில வாரங்களாக யாரும் சிரித்துச் சாப்பிடவில்லை. பாம்பு சாப்பிட மறுத்ததே காரணம்.

பிள்ளை பெற அனுமதி கேட்கும் தம்பதிக்குக் குடிப்பெருக்கத் துறை முதலில் ஒரு பாம்புக்குஞ்சைத் தரும். நாய் என்றால் வாலாட்டும், பூனை என்றால் காலை உரசும்; கொஞ்சினால் திருப்பிக் கொஞ்சுவதை யார்தான் வளர்க்கமாட்டார்கள் என்பது துறையின் வாதம். குஞ்சு கெடு நாளுக்குள் முதல் இரையை விழுங்கிவிட்டால் அனுமதி. செத்துப்போனால் அந்த வீட்டில் ஆயுளுக்கும் தொட்டில் கிடையாது. தவசிக்கனியோ கல்யாணமான வருடமே கூரையில் தொட்டில் கொக்கி அடித்து வைத்தவன்.

வந்தது ஒரு சாரைக்குஞ்சு. பென்சில் கனம். முட்டைக்குள்ளிருந்து வயிற்றில் கொண்டுவந்த மஞ்சள் கருவின் மிச்சத்தில் உயிர் வாழ்ந்தது. முதல் சட்டையை உரித்தது. அதற்குப் பிறகு இரை எடுக்கவேண்டும். எடுக்கவில்லை. சதைப்பண்ணையில் வளர்த்த ரோமமில்லாத எலிக்குட்டியைத் தவசிக்கனி வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து, உயிருள்ளதைப் போல ஆட்டிக் காட்டினான். குஞ்சு தலையைச் சுருளுக்குள் செருகிக்கொண்டது. எலிக்குட்டியின் மேல், பாம்புக்குஞ்சுகள் விரும்பும் பல்லி வாசனைத் தைலம் தடவினான். மூக்கால் இடித்துத் தள்ளிவிட்டது.

அவனுடைய அக்கா ராஜகனி நகரின் எதிர் வளையத்திலிருந்து திரையில் தோன்றினாள். "ஏல தவசி, வாயத் தொறந்து உள்ள திணிச்சு விடுல. ஒன்னைய நான் அப்படித்தான் வளத்தேன்."

"அதான் எனக்கு இன்னைக்கும் சோறு எறங்க மாட்டேங்கு" என்றான் தவசிக்கனி.

பூமியிலிருந்து பார்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பாட்டுப் போடு என்றார்கள், பேர் வைத்துக் கூப்பிடு என்றார்கள், எந்த நாளில் சாகும் என்று பந்தயம் கட்டினார்கள். பார்வைக்கூலி ஏறிக்கொண்டே போனது. குஞ்சின் முதுகெலும்பு தோலுக்கு மேலே கோடாகத் தெரிய ஆரம்பித்தது.

"நம்ம வியாபாரத்துல இத்தன கூட்டம் வந்ததேயில்ல" என்றான் தவசிக்கனி, கலக்கத்தோடு.

அவன் மனைவி சொர்ணம் பாம்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அதுக்குப் பசி இல்லாம இல்லீங்க. இந்தச் சுவர்க்கண்ணுக்குப் பயம். இத்தன பேரு வாயப் பாத்துக்கிட்டு இருந்தா எதுதான் முழுங்கும்?"

அன்றே அவன் ஞானப்பழத்தைத் தேடிப் போனான். இருட்டுத் தரகர். சுவர்க்கண் பழுதுபார்ப்பவர்களைக் கையில் வைத்திருந்தார். பராமரிப்பு என்று ஒரு சீட்டு ஒட்டினால் கண் மூடிக்கொள்ளும். விலைப் பேச்சைக் கடைச் சுவரில் உள்ள கண்ணும் பார்க்கும் என்பதால், பழைய மாட்டுச்சந்தை வழக்கப்படி ஒரு துண்டை விரித்து, அதற்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசினார்கள். ஒரு விரலுக்கு நூறு.

ஞானப்பழம் எட்டு விரலைத் தொட்டார்.

"என்ன அண்ணாச்சி, சூரியனையே அணைக்கப் போறீரா?" என்று தவசிக்கனி மூன்று விரலைப் பிடித்தான். அது பேச்சைத் தொடங்குவதற்கான விலை. மெல்ல ஏறி ஐந்தில் முடிப்பதாக மனதில் வைத்திருந்தான்.

ஞானப்பழம் அந்த மூன்று விரலையும் உடனே அழுத்திவிட்டார். முடிந்தது.

கேட்ட விலைக்கு ஒருவன் உடனே இறங்கினால் அவன் வேறு எதையோ விற்கிறான் என்பது தவசிக்கனிக்குத் தெரியாததல்ல. ஏலக்காய் மூட்டை என்றால் அங்கேயே அவிழ்த்துப் பார்த்திருப்பான். இருட்டை எப்படி அவிழ்த்துப் பார்ப்பது?

மறுநாள் மதியம் சுவர்க்கண் மூடியது. விளக்குகள் அணைந்தன. கண்ணின் மெல்லிய ரீங்காரம் நின்றதும் காது அடைத்துப் போனது போலிருந்தது. சூடான எலிக்குட்டியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தாள் உரசுவது போல ஒரு சத்தம். பிறகு ஓர் இழுப்பு.

"தின்னுது" என்றாள் சொர்ணம், மூச்சுவிடாமல். இருட்டில் கையால் துழாவி முறுக்கு டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து நறநறவென்று கடித்தாள். சிரித்தாள். "பாருங்க, ஒருத்தரும் பாக்காம தின்னா எம்புட்டு ருசியா இருக்கு!" இரண்டாவது முறுக்கைப் பாதியில் நிறுத்தினாள். அவள் குரல் மாறியிருந்தது. "ஏங்க, பாம்புக்கு இருட்டு வாங்குனோம். நம்ம புள்ளைக்கி வாழ்நாள் பூரா எவன் வாங்கிக் குடுப்பான்? இந்தக் கண்ணுக்குள்ள ஒரு புள்ளயப் பெத்துப் போடணுமா? எனக்கு வேண்டாங்க."

இருட்டில் தவசிக்கனி அண்ணாந்து கொக்கி இருந்த பக்கமாகப் பார்த்தான். அதுவும் தெரியவில்லை.

வெளிச்சம் வந்தபோது குஞ்சின் நடுவயிறு புடைத்திருந்தது. அதைப் படம் பிடித்துத் துறைக்கு அனுப்பினான். துறையின் எந்திர அலுவலர் இனிய குரலில் பதில் சொன்னது: "வீக்கம் நோயாகவும் இருக்கலாம். பார்க்கப்படாத உணவு உணவாகாது. கெடு நாளை முடிகிறது."

நாளைக்குள் இன்னோர் எலிக்குட்டியை அது தொடாது. தின்றது செரிக்கவே நாளாகும்.

சாயங்காலம் ஞானப்பழம் கடைக்கு வந்தார். கூப்பிடாமலேயே.

"பாம்பு சாப்பிட்டுச்சாமே அண்ணாச்சி. சாட்சிதான் இல்லையாம்." துண்டை எடுத்து மடியில் போட்டார். "வெப்பத்தப் பாக்குற கண்ணு ஒண்ணு இருக்கு. அதுக்கு இருட்டும் பகலும் ஒண்ணு. எங்க பய மறந்தாப்புல அத மூடாம விட்டுட்டான்."

சிறிய திரையைக் காட்டினார். நீலமான ஒரு கோடு. அதன் முனையில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி கோட்டுக்குள் மெல்ல இறங்கியது. பக்கத்தில் சிவப்பாக இரண்டு உருவங்கள். பிறகு முறுக்குக் கடிக்கும் சத்தம். பிறகு சொர்ணத்தின் குரல்.

தவசிக்கனி திரையைக் கையால் மறைத்தான். "சத்தமும் இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

"வே, சுத்தமான இருட்டுன்னுதான குடுத்தீரு?"

"மூணு விரலுக்கா?" என்றார் ஞானப்பழம், மரியாதை குறையாமல்.

தவசிக்கனி துண்டுக்கு அடியில் கையை விட்டான். படம் துறைக்குப் போகவேண்டும். அவள் பேசியது அழியவேண்டும். பிரதி இருக்கக்கூடாது. தாயாகப் போகிறவள் வேண்டாம் என்று சொன்னதைத் துறை கேட்டால் எல்லாம் போயிற்று. ஆனாலும் பழக்கம் விடவில்லை. மூன்றுக்கும் சேர்த்து நான்கு விரலைப் பிடித்தான்.

ஞானப்பழம் உடனே அழுத்தினார்.

கை துண்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தவசிக்கனி பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். சொர்ணத்திடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் அனுமதி வந்தது. எந்திர அலுவலர் வாழ்த்தியது. பாம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கியபோது குஞ்சு சுருளுக்குள் தலையைச் செருகிக்கொண்டதைச் சொர்ணம் மட்டும் பார்த்தாள். அனுமதிச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு கணக்கு இருந்தது. அவள்தான் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"பிறக்கவிருக்கும் குழந்தையைப் பார்க்க முன்பதிவு செய்தோர், பதினோரு லட்சம். அனுமதிக்கான காரணம், மேற்படி முன்பதிவு." நிறுத்தினாள். அடுத்த வரியை மெதுவாக வாசித்தாள். "இருட்டுநேரப் படத்தைப் பார்த்தோர், பதினோரு லட்சம். அதை ஒலியுடன் பார்த்தோர்..."

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். சுவர்க்கண் இருவரையும் பார்த்தது.

பதினோரு லட்சம். மூன்று வரியிலும் கணக்கு நேராக இருந்தது.